ராங்கெலின் வலது கை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த செய்தியை அம்மா எனக்கு வீடியோ அழைப்பில் சொன்னாள். நான் வியன்னாவில் டிராம் ஓட்டுகிறேன். காலைப் பணியை முடித்துவிட்டு டிப்போவின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் அம்மாவின் கைகள் நடுங்கின. அவள் கை நடுங்கினால் அது எனக்குத் திக்குவாய் பேசுவது போலத்தான். மூன்று முறை கேட்ட பிறகே புரிந்தது.

"அப்பாவோட வலது கை செத்துப்போச்சு. அவரால பேச முடியல."

என் அப்பா ராங்கெல், அம்மா பாவ்லினா, இருவருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் ஊரான ரூசே நகரில் காது கேளாதவர்களுக்கென்று இருந்த ஒரு பட்டறையில் அப்பா நாற்காலிகளுக்கு மெத்தை தைத்தார். அம்மா அங்கேயே உறை வெட்டினாள். இருவரும் பேசுவது கையால். அதைச் சைகை என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "நாங்க பேசறது பேச்சு. நீங்க வாயால செய்யறதுதான் சைகை, உதட்டைக் கோணிக்கிட்டு," என்பார். காது கேளாதோர் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டங்களில் அவர் கதை சொல்ல எழுந்தால் சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புவார்கள். அவர் வலது கைக்காரர். அந்தக் கைதான் அவருக்கு நாக்கு.

எனக்குக் காது கேட்கும். ஒரே பிள்ளை. அதனால் ஆறு வயதிலிருந்து வீட்டுக்கு நான்தான் வாய். மின்சார அலுவலகம், வீட்டுக்காரர், மருத்துவர், என் சொந்தப் பள்ளி ஆசிரியை, எல்லோரிடமும் நான்தான் பேசினேன். இருபது வயதில் வேலைக்கென்று ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அப்பா என்னைத் தடுத்தார். அப்போது சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் வாயா இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போச்சு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கையால் பேசுகிறவர்கள் வீட்டில் கதவை அடைப்பதைவிட அது பெரிய அடி. கண்ணை மூடினவரிடம் கத்தவும் முடியாது, கெஞ்சவும் முடியாது.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் எங்களுக்குள் பேச்சு இருந்தது, ஆனால் அதில் ஒன்றும் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவேன். பனி பெய்ததா, டிராமில் சூடேற்றி இருக்கிறதா, இவ்வளவுதான்.

மார்ச் மாதம் முதல் வாரம் நான் ஊர் வந்து சேர்ந்தபோது அப்பா மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போல. வாயின் வலது ஓரம் லேசாகத் தொங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த பேச்சு எனக்குப் புரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

டாக்டர் இளைஞர். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "மூளையில உள்ளே, ஆழத்துல சின்ன அடைப்பு. புத்தி, ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கு. கால் வந்துடும், கம்பு வெச்சு நடப்பார். கை... தோள், முழங்கை தேறும். விரலோட நுணுக்கமான அசைவு பழைய மாதிரி வர்றது கஷ்டம். உங்ககிட்ட ஒளிக்க விரும்பல."

அப்பாவின் கண்கள் டாக்டரின் உதட்டிலிருந்து என் கைக்கு வந்து காத்திருந்தன. அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: "கால் வந்துடும். கையும் வந்துடும்னு சொல்றார். பயிற்சி பண்ணணுமாம். விடாம பண்ணணுமாம்."

ஆறு வயதிலிருந்து அன்றுவரை நான் வார்த்தை மாற்றிச் சொன்னதே கிடையாது.

*

பிறகு ஏழு நாள் மலையடிவாரத்தில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்தோம். அங்கே தரையிலிருந்து வெந்நீர் ஊறும். அதைத் தொட்டியில் விட்டு நோயாளிகளை இறக்குவார்கள். பயிற்சி கொடுத்தவள் நெவேனா. ஐம்பது வயது, பரந்த தோள், சிரிப்பு கம்மி. முதல் நாளே என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்க பாரு பொண்ணே, நீ அவருக்கும் எனக்கும் நடுவுல நிக்காதே. 'இன்னும்'ங்கறதை எப்படிச் சொல்றது? 'போதும்' எப்படி? 'வலிக்குதா' எப்படி? அந்த மூணையும் எனக்குக் காட்டு. மீதியை நாங்க பார்த்துக்கறோம்."

மூன்றையும் கற்றுக்கொண்டாள். 'போதும்' என்பதை அவள் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை.

படுத்த நிலையில் இரண்டு கைவிரல்களையும் கோத்து, நல்ல கை கெட்ட கையை இழுத்துக்கொண்டு தலைக்கு மேல் போகவேண்டும். பத்து தரம். உட்கார்ந்து, வலது உள்ளங்கையைக் கட்டிலில் விரித்து ஊன்றி உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். கால் கட்டைவிரலைத் தரையிலிருந்து தூக்கவேண்டும். இவ்வளவு சின்ன வேலைகளுக்கு அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

அதே அறையில் கான்ச்சோ என்றொருவர் இருந்தார். லாரி ஓட்டியவர், இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை.

"உங்கப்பா நல்ல ஆளு," என்றார் என்னிடம். "எனக்கு முன்னாடி இருந்தவன் குறட்டை விடுவான். இவருக்கு என் குறட்டை கேக்காது, எனக்கு அவர் புலம்பல் கேக்காது. இப்படி ஒரு கல்யாணம் எனக்கு அமையலையே!"

நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா இடது கையால் கான்ச்சோவுக்கு ஒரு கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்தார். கான்ச்சோ அதை நெவேனாவின் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் நெவேனா ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து மேசையின் நடுவில் நிறுத்தினாள். அப்பாவின் வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது. இடது கை முன்னால். "நல்ல கையை அசைக்கச் சொல்லு. கண்ணாடிக்குள்ள பார்க்கச் சொல்லு. அங்க தெரியறது வலது கைன்னு மூளை நம்பிடும். நம்பினா பழைய வழியைத் தேட ஆரம்பிக்கும்."

அப்பா இடது கையை மூடித் திறந்தார். கண்ணாடிக்குள் வலது கை மூடித் திறந்தது. அவர் முகம் மாறியது. மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார், பிறகு இன்னொன்று. கண்ணாடிக்குள் அவருடைய பழைய கை, சங்கத்தில் கதை சொன்ன அதே கை, பேசியது. "பாவ்லினா," என்றது. "ரொட்டி," என்றது. "மழை," என்றது. விரல்கள் ஒன்றையொன்று தாண்டித் தாண்டி ஓடின. நெவேனா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சட்டென்று அவர் கண்ணாடியைத் தள்ளினார். அது மேசையில் சாய்ந்தது, உடையவில்லை. பின்னாலிருந்த வலது கை, விரல்கள் உள்ளே சுருண்டு, வைத்த இடத்திலேயே கிடந்தது.

"பொய்," என்றார் என்னிடம், இடது கையால். "எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. நெவேனா கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை அப்பாவே எழுந்து, கட்டிலைப் பிடித்து நின்று, சுவரைக் காட்டினார். அது வேண்டும் என்று கேட்டார்.

*

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் சமையலறை மேசைதான் பயிற்சி அறை. நான் சம்பளமில்லா விடுப்பு வாங்கியிருந்தேன். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மேசைமேல் ஒரு துண்டை விரித்து அதன்மேல் அப்பாவின் கையை வைப்பேன். அவர் துண்டைத் தள்ளிக்கொண்டே விளிம்புவரை போய் வரவேண்டும். ஒரு கிண்ணத்திலிருந்து பீன்ஸ் விதைகளை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். துணிக் கிளிப்பை அட்டையின் ஓரத்தில் மாட்ட வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நான் அவருடைய சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரிப்பேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று வரிசையாக. பதினான்கு வருடம் தொடாத கை.

அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் பொத்தானோடு போராடினால் ஓடிவந்து போட்டுவிடுவாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்ஸாவைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைப்பாள்.

"அம்மா, விடு. அவரே பண்ணட்டும்."

"அரை மணி நேரமா ஒரு பொத்தான்! அதுக்குள்ள குளிர்காலம் வந்துடும்."

"வரட்டும்," என்பார் அப்பா.

ஏப்ரலில் முழங்கை மடங்கியது. மே மாதம் கம்பை ஊன்றி மாடிப்படி இறங்கினார். ஜூனில் டான்யூப் கரைவரை நடந்தார், போகவர இரண்டு மணி நேரம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பீன்ஸைப் பிடித்தன. அன்று அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஆனால் மற்ற மூன்று விரல்களும் சுருண்டபடியே இருந்தன. எங்கள் பேச்சில் விரல் நிற்கும் விதத்தை வைத்துத்தான் வார்த்தை மாறும். அப்படிச் சுருண்ட கையில் 'தண்ணீர்' என்பதும் 'தங்கை' என்பதும் 'தாமதம்' என்பதும் ஒன்றுபோலவே தெரிந்தன. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுகிறவரைப் போல ஆகிவிட்டார்.

"வரும்," என்பேன். "டாக்டர் சொன்னாரே."

அவர் நம்பினார். அதுதான் என்னை வதைத்தது. நான் ஒரு மணி நேரம் என்றால் அவர் இரண்டு மணி நேரம் செய்வார். ஜூலை முழுக்க, சங்கத்துக்கு வரச்சொல்லி நண்பர்கள் ஆளனுப்பியும் போகவில்லை. "கை சரியாகட்டும், அப்புறம் வர்றேன். பாதிப் பேச்சோட போய் நிக்க மாட்டேன்."

ஆகஸ்டில் உடல் ஊனச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவரே காகிதங்களைத் தேடியிருக்கிறார். என் பையில் மருத்துவமனையின் அறிக்கை இருந்தது. அவருக்கு நன்றாகப் படிக்க வரும்.

தக்காளிப் பையோடு நான் உள்ளே நுழைந்தபோது அறிக்கை மேசையில் இருந்தது. அதன் ஒரு வரியின் மேல் அவருடைய இடது கை ஆள்காட்டி விரல்.

"இதைப் படி."

வலது கை விரல்களின் நுண்ணசைவு முழுமையாக மீள வாய்ப்புக் குறைவு.

"அப்பா..."

"டாக்டர் இதைச் சொன்னாரா?"

"சொன்னார்."

"நீ என்ன சொன்னே எனக்கு?"

நான் பதில் சொல்லக் கையைத் தூக்குவதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாள் அவர் பயிற்சி செய்யவில்லை. கிண்ணங்கள் அப்படியே இருந்தன. மேசைக்கு வருவார், சாப்பிடுவார், போவார். நான் எதிரே வந்தால் கண் மூடிக்கொள்ளும். அம்மா அவருடைய தோளை உலுக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் மேசையில் அமர்ந்திருந்தபோது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினார். நான் பேச முயலவில்லை. அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்து, தினமும் செய்வது போலவே கட்டைவிரலிலிருந்து நீவ ஆரம்பித்தேன். இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது விரலை விரித்து முடித்தபோது என் கண்ணீர் அவர் மணிக்கட்டில் விழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"எனக்குப் பதினோரு வயசு," என்றேன். "ஞாபகம் இருக்கா?"

நான் தொடர்ந்தேன்.

"தம்பி பொறந்து ரெண்டாம் நாள். ஆஸ்பத்திரி நடையில டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க, கொழந்தை போயிடுச்சுன்னு. நான் உங்ககிட்ட அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை மாத்தல. நீங்க சுவத்துல சாய்ஞ்சு உக்காந்துட்டீங்க. அப்புறம் 'நீ போய் அம்மாகிட்ட சொல்லு'ன்னீங்க. நான் உள்ள போனேன். அம்மா சிரிச்சுக்கிட்டே 'கொழந்தையைக் கொண்டுவர்றாங்களா'ன்னு கேட்டா. நான் சொன்னேன். அவ முகம் என்ன ஆச்சுன்னு நான் பார்த்தேன், நீங்க பார்க்கல. அன்னிக்கு மாதிரி இன்னொரு தரம் ஒரு முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லப்பா. அதான் மாத்திச் சொன்னேன்."

அப்பா இரண்டு கைகளையும் தூக்கினார். வலது கை தாமதமாக, நடுங்கிக்கொண்டு, இடது கையின் பின்னால் வந்தது.

"அன்னிக்கு அவகிட்ட நான்தான் சொல்லியிருக்கணும்," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னார். நான் முந்திக்கொண்டு முடித்துவைக்கவில்லை. "அன்னிக்கு எனக்கு ரெண்டு கையும் நல்லா இருந்துச்சு."

அம்மா கதவருகே நின்றிருந்தாள். எங்கள் வீட்டில் ஒருவர் பேச்சை இன்னொருவர் ஒளிந்து கேட்க முடியாது. கண்ணில் பட்டால் கேட்டுவிட்டது என்றுதான் பொருள். அவள் ஈரக் கைகளை மேலாடையில் துடைத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள். தன் புருவத்தின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து, காற்றில் சிறிதாக ஒரு வளைவு போட்டாள்.

"அதென்ன?" என்றேன். எனக்குத் தெரியாத வார்த்தை.

"அவன் பேரு," என்றாள் அம்மா. "பொறந்தப்போ புருவம் அப்படி இருந்துச்சு, பிறை மாதிரி. நான் வெச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

இருபத்துமூன்று வருடம். அந்தப் பெயரை நான் சொல்லிப் பார்த்தேன். அப்பாவும் சொன்னார், வலது கையால். விரல் புருவத்துக்குப் போய்ச் சேரவில்லை, கன்னத்தில் பட்டு நின்றுவிட்டது. அம்மா அவருடைய முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். அந்த ஒரு தரம் நான் அவளை 'விடு' என்று சொல்லவில்லை.

*

மறுநாள் அப்பா என்னிடம், "நெவேனாவுக்குப் போன் போடு," என்றார். "என் முன்னாடி போடு. அவ சொல்றதை அப்படியே சொல்லு."

போட்டேன். அப்பா கேட்ட கேள்வி இது: இந்த விரல்கள் வராது என்றால் இனி எதற்காகப் பயிற்சி?

"வராதுன்னு நான் சொல்லலை. முன்ன மாதிரி வராது," என்றாள் நெவேனா. நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். "விட்டா இருக்கறதும் போயிடும், விரல் இறுகிடும். இன்னொண்ணு கேளுங்க. உங்க பேச்சுல ரெண்டு கையும் ஒரே வேலையா செய்யுது? ஒரு கை முன்னாடி போகுது, ஒரு கை தாங்குது. நான் பார்த்தேனே. இடது கையை முன்னாடி விடுங்க. வலது கை தாங்கற வேலையைப் பார்க்கட்டும். அதுக்குத் தோளும் மணிக்கட்டும் போதும்."

அப்பா இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வயசுல இடது கைக்காரனா ஆகணுமா?"

"ஆமாங்கறா."

"திமிர் பிடிச்ச பொம்பளை," என்றார். அதையும் நான் மாற்றாமல் சொன்னேன். நெவேனா சிரித்தது போனில் கேட்டது.

அன்றிலிருந்து பீன்ஸ் பாதி நேரம், பேச்சு பாதி நேரம். இடது கையை முன்னே விட்டு, வலது கையை மேசைபோலத் தட்டையாக நிறுத்திச் சொல்லிச் சொல்லிப் பழகினார். முதலில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாமே இடம் மாறித் தெரிந்ததாம், சட்டையைத் திருப்பிப் போட்டவனைப் போல. வலது கை சில நாள் பழைய பழக்கத்தில் முந்தி வரும். அவரே அதைத் தட்டி உட்காரவைப்பார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சங்கத்துக்குப் போனார். கம்போடு உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து மேசையைத் தட்டினார்கள். பலகை அதிர்வது அவர்களுக்குத் தெரியும். கதை கேட்டார்கள். கான்ச்சோவின் கதையைச் சொன்னார். முன்பு ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியது, இருபது நிமிடம் ஆனது. இரண்டு இடத்தில் அவர்களுக்குப் புரியவில்லை. ஒருவர் கையைத் தூக்கி, "திரும்பச் சொல்லு," என்றார். அப்பா முகம் சிவந்து போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். பல வருடப் பழக்கம். வாய் எங்கே என்று தேடுகிற பார்வை. என் கைகள் தாமாகவே எழப் பார்த்தன. பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடி முன்னால் திரும்பி, அதே வாக்கியத்தை இன்னும் மெதுவாகச் சொன்னார். அந்தக் கெட்ட வார்த்தை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"வெளியூர்க்காரன் பேசற மாதிரி இருக்கு ராங்கெல்," என்றார் அவருடைய பழைய பட்டறைத் தோழர். "ஆனா பொய் மட்டும் அதே பொய்தான்."

அக்டோபர் நடுவில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பஸ் நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்ததும் பஸ் கதவு சாத்தியாயிற்று. பக்கத்து ஜன்னல்களில் மனிதர்கள் கண்ணாடிக்கு அப்பால் வாயை அசைத்து, காதில் கை வைத்து, கேட்கவில்லை கேட்கவில்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கண்ணாடி ஒரு தடையே இல்லை. நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம்.

"காலையில துண்டு, சாயங்காலம் கிளிப். ஏமாத்தக் கூடாது," என்றேன்.

"உன்னை ஏமாத்த முடியுமா? உங்கம்மா வேவு பார்ப்பா."

"ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்."

"புதன்கிழமையும் கூப்பிடு," என்றார். "பேசிப் பழகணும் எனக்கு."

பஸ் நகர்ந்தது. அவர் கம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு நாலடி கூடவே வந்தார். வலது கை கொஞ்சம் பின்தங்கி, இடதைத் தாங்கியபடி. வாக்கியம் முடிவதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

புக்கரெஸ்ட்டைத் தாண்டியதும் வீடியோவில் கூப்பிட்டு, கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மேலே பையில மிளகாய்த் துவையல் பாட்டில் இருக்கு, நிமித்தி வை, கொட்டிடும்னேன்," என்றார்.

எழுந்து பார்த்தேன். ஏற்கெனவே கொட்டியிருந்தது.